மூன்றாவது சாவடிக்கு மேல் உறவினர் வரக்கூடாது

புத்தூர்,
டிசம்பர் 14

அன்பு மகன் திலீப்புக்கு,

நைனா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். குவைத்தில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன், பாதியில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடை லெட்டர்பேடில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

நீ கேட்பது ஒன்றே ஒன்று. நாற்பத்தேழு வயதில், இரண்டு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை எடுத்த உடம்போடு, அம்மா ஜனவரியில் மலைமேல் நாற்பத்து நான்கு கிலோமீட்டர் ஓடக்கூடாது. நான் பந்தயக் கமிட்டியில் இருக்கிறேன், அவள் பேரை நான் அடித்துவிட வேண்டும். நீ ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவன், அவள் ரத்தம் ஆறு பாயிண்டுக்கு இறங்கிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தவன். நீ பயப்படுவதில் தப்பில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பேரை அடிக்க முடியாது. இப்போது ரத்தம் பன்னிரண்டரை பாயிண்ட் இருக்கிறது, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். காரணம் இல்லாமல் அடித்தால் அவள் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

நான் இந்தக் கமிட்டிக்குள் எப்படிப் போனேன் என்று கேட்டாய். தேடிப் போகவில்லை. அக்டோபரில் தரணி என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். திருப்பதிக்காரி, முப்பது வயது இருக்கும், இந்தப் பந்தயத்தை நடத்துகிறவள் அவள்தான். ஆரஞ்சு ரிப்பன், நைலான் கயிறு, ஆறு தார்ப்பாய் கேட்டாள். அக்டோபரில் யாரும் தார்ப்பாய் கேட்டு வரமாட்டார்கள். எதற்கம்மா என்றேன். மேப்பை விரித்துக் காட்டினாள். கார்வேட்டிநகரத்தில் ஆரம்பித்து, மலை ஏறி, கணவாய் தாண்டி, நம் பக்கம் இறங்கி முடிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் சித்தூர் ஜில்லா, இந்தப் பக்கம் திருப்பதி ஜில்லா, இரண்டு இடத்திலும் அனுமதிக்கு மனு. மேப்பில் ஒரு வண்டிப் பாதை தப்பாக இருந்தது. அங்கே தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய் நாலு வருஷமாச்சு, வண்டி போகாது என்றேன். அந்தப் பெண் அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடை மூடும்போது நான் கமிட்டி மெம்பர். முதலில் சைக்கிளில், பிறகு டிவிஎஸ்ஸில், பிறகு ஆட்டோவில் தோப்பு தோப்பாகக் கயிறும் வலையும் கொண்டுபோய்ப் போட்டவனுக்கு அந்த மலையடிவாரம் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, பார்க்க வருகிறவர்களும் பேசர்களும் எந்த வழியில் வருவது, எங்கே நிற்பது, எப்படித் திரும்புவது என்பது. கணவாய்க்கு ஒரே மண் பாதை. எதிரெதிராக இரண்டு வண்டி விலக முடியாது. மேலே மூன்று டிராக்டருக்கு மட்டும் அனுமதி. மாங்காய் சீசனில் நாம் செய்கிற மாதிரிதான் செய்கிறேன். ஏறுகிற நேரத்தில் ஏறுவது மட்டும், எல்லாம் ஏறி முடிந்த பிறகே இறங்குவது. கார்களை எல்லாம் கார்வேட்டிநகரத்திலேயே நிறுத்திவிட்டு, பார்க்க வருகிறவர்களை ஷேர் ஆட்டோவில் ஏரிக்கரைக்கு அனுப்புகிறேன். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஓடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கரைமேல்தான் ஓடி வர வேண்டும். நிழலும் உண்டு.

பேசர் என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. சுமை தூக்கும் ஆள் என்று நினைத்தேன். தரணி சிரித்தாள். வழியில் தண்ணீர் கொடுத்து நம்பர் குறித்துக்கொள்கிற சாவடிகள் உண்டு. கணவாயில் இருக்கும் மூன்றாவது சாவடியிலிருந்து கடைசி பதினாறு கிலோமீட்டருக்கு, ஓடுகிறவரோடு ஒருவர் கூடவே போகலாம். அவர் தண்ணீர் பாட்டிலை வாங்கிச் சுமக்கக்கூடாது. கை கொடுத்துத் தூக்கிவிடக்கூடாது. சும்மா கூட வர வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், சாப்பிட மறந்தால் ஞாபகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த ஆளால் என்ன பிரயோசனம் என்று கேட்டேன். நீங்கதான் ஒரு தடவ போய்ப் பாருங்களேன் அங்கிள் என்றாள். ஒரு வாரமாக எனக்கு இதே யோசனை. எதையும் தூக்காமல் எதையும் கொடுக்காமல் ஓர் ஆள் இன்னோர் ஆளுக்கு எப்படி ஒத்தாசை?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இது நம் இருவரோடு இருக்கட்டும். நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் பேசர் இல்லாமல் மூன்றாவது சாவடியைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அம்மாவின் பாரத்தில் பேசர் என்ற இடத்தில் எதிர்வீட்டு சபீனா டீச்சர் பேர். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை முதன்முதலில் நடக்கக் கூட்டிப் போனவர் அவர்தான். கணக்கு டீச்சர் இல்லையா, அம்மா இத்தனை நிமிஷத்தில் இத்தனை தூரம் என்று நோட்டில் எழுதியே வைத்திருக்கிறார். யார் எந்த டிராக்டரில் என்று பட்டியல் போடுகிறவன் நான். டீச்சரை மூன்றாவது டிராக்டரில் போட்டிருக்கிறேன். அது ரங்கையாவுடையது, ஏற்றத்தில் நின்று நின்று போகும், பின் டயர் வழுக்கை. சாவடி மதியம் ஒரு மணிக்கு மூடுகிறார்கள். அதற்குள் டீச்சர் வந்து சேரவில்லை என்றால் அம்மாவை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடினாள் என்ற பேரும் நிற்கும்.

புரிந்திருக்கும். நிம்மதியாகத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு.

உன் நலம் கோரும்
நைனா,
பச்சையப்பன்


புத்தூர்,
டிசம்பர் 30

அன்பு திலீப்,

என் கடிதத்துக்கு நீ ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினாய். பதினைந்து நாளாக அந்தக் கட்டைவிரல் என்னை உறுத்துகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் நடந்தது. பதினான்கு பேரை ஓடவிட்டு, வழியும் வண்டியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். அம்மா அன்றைக்கு ஓடவில்லை, டீச்சரோடு நம் ஊர் ஏரிக்கரையில் பயிற்சி. அன்று நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய்.

மலை ஏறுவதற்கு முன் குண்டலபள்ளி என்று இருபது முப்பது வீடு. புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகிறவர்களும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கிறவர்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். அந்த ஊர்ப் பெண்கள் நடந்து வருகிற யாரையும் சும்மா விட்டதில்லை. நம் ஆட்கள் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து ஓடி வந்ததும், லட்சுமம்மா என்கிற அம்மா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வழியை மறித்துவிட்டாள். எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு சொம்பு மோர். பெங்களூர்ப் பையன் ஒருவன் வேண்டாம் மேடம் வேண்டாம் மேடம் என்று ஆங்கிலத்தில் கெஞ்சியிருக்கிறான். கெஞ்சக் கெஞ்ச அவனுக்கு இன்னொரு சொம்பு.

சாவடிக்கு வெளியே யாரிடமும் எதுவும் வாங்கிக் குடிக்கக்கூடாது என்பது பந்தய விதி. குடித்தால் வெளியேற்றம். பதினான்கு பேரில் பதினொரு பேர் அந்த வேப்பமரத்தடியிலேயே வெளியே போனார்கள். ஈரக் காலோடு அடுத்த சாவடி வரை ஓடியதில் கொப்புளம் வேறு. தப்பித்து ஓடிய மூன்று பேர்மேல் லட்சுமம்மாவுக்குத் தீராத கோபம். என்னைப் பார்த்ததும், இன்னா சேட்டு, சாமிக்கி நடக்கறவங்கோ மோர் வாணாம்னு ஓடறாங்கோ, இது இன்னா பக்தி என்று பிடித்துக்கொண்டாள். இது சாமிக்கு இல்லம்மா, பந்தயம் என்றேன். அப்போ மேல இன்னா கீது என்றாள். ஒன்றும் இல்லை, ஏறி இறங்குவதுதான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒண்ணும் இல்லாத எடத்துக்கா இப்படி மூச்சு வாங்கிக்கினு ஓடறாங்கோ, அப்போ இன்னும் ஒரு சொம்பு குடுத்திருக்கணும் என்றாள்.

கமிட்டியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊருக்கு முன்னால் கயிறு கட்டலாம், போலீஸ் போடலாம், தெலுங்கில் போர்டு வைக்கலாம். நான் தரணியிடம் சொன்னேன், அந்த ஊர்ப் பெண்களைக் கயிறு கட்டி நிறுத்த முடியாது, கயிறு விற்கிறவனே சொல்கிறேன். இரண்டாவது சாவடி ஊருக்கு அப்பால் அறுநூறு மீட்டரில்தானே இருக்கிறது, அதைப் பெயர்த்து வேப்பமரத்தடியில் கொண்டுவந்து வை. அப்போது லட்சுமம்மாவின் மோர் சாவடி மோர் ஆகிவிடும், விதியும் உடையாது. தரணி மேப்பில் கோட்டை அழித்து மாற்றிப் போட்டாள். லட்சுமம்மாவிடம் நானே போய்ப் பேசினேன். மோரில் உப்பு போடலாம், தண்ணீர் தலையில் ஊற்றலாம், காலில் மட்டும் வேண்டாம். ஒப்புக்கொண்டாள். ஆனால் வருகிறவர்கள் ஒரு நிமிஷமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பெஞ்சு போடுகிறோம்.

அடுத்து கணவாய். அன்று டிராக்டரில் நானும் மேலே போனேன். மோருக்குத் தப்பிய மூன்று பேரில் ஒருத்தி, திருப்பதியிலிருந்து ஓட வந்த பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், நன்றாகத்தான் ஏறி வந்தாள். அவள் புருஷன் எப்படியோ கெஞ்சி டிராக்டரில் ஏறி மேலே வந்துவிட்டார். மோசமான ஆள் இல்லை. கையில் துண்டு, பிளாஸ்கில் காபி. போதும் வாம்மா, முகம் எப்படிக் கெடக்குது பாரு, கீழ கார் நிக்குது என்று அன்பாகத்தான் சொன்னார். அவள் இன்னும் கொஞ்சம் என்றாள். யாருக்கு நிரூபிக்கணும் என்றார். இரண்டு நிமிஷம்தான். நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். டிராக்டரில் இறங்கும்போது எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். காபியைத் தொடவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நானும் சொல்லியிருப்பேன், திலீப். அதே துண்டு, அதே பிளாஸ்கோடு.

அன்று சாயங்காலமே பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். மூன்றாவது சாவடிக்கு மேல் உறவினர் வரக்கூடாது, சாவடியும் சேர்த்து, பேசர் மட்டும். தரணி கைதட்டினாள். எழுதி முடித்த பிறகுதான், முதலில் தடுக்கப்படுகிறவன் நானே என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், பேசருக்கு என் பேரை ஏன் எழுதவில்லை என்று. முழங்கால் வலி என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். உங்கள கூட்டிக்கினு போனா கடையில பேரம் பேசற மாதிரி பேசுவீங்கோ, நாப்பத்தி நாலுன்னு நான் சொன்னா இருவத்தெட்டுல முடிச்சிக்கலாம்பீங்கோ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தெட்டு என்ற எண் அவள் வாயில் எப்படி வந்தது? டீச்சருக்கு ரங்கையா வண்டி என்று போட்ட பட்டியலைக் கடைச் சுவரில்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே, ரங்கையா வண்டி டயர் மாத்திட்டானா என்றாள். நான் தெரியலையே என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மறுநாள் கடை திறந்ததும் பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். சபீனா டீச்சர் முதல் டிராக்டரில். நீ கட்டைவிரல் காட்டி ஒப்புக்கொண்ட வார்த்தையை மீறிவிட்டேன். வியாபாரத்தில் நான் அப்படிச் செய்ததில்லை.

அவள் எதைத் தேடி அங்கே ஏறுகிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். கடைக்கு வருகிற ஆளின் நடையைப் பார்த்தே என்ன வாங்குவான் என்று சொல்லிவிடுவேன். இது பிடிபடவில்லை. கோபப்படு, ஆனால் அவளிடம் காட்டாதே. நீ அவளோடு பேசி ஒரு மாசம் ஆகிறது.

வீட்டில் உன்னை நினைக்காத நாள் இல்லை.
நைனா


புத்தூர்,
ஜனவரி 19

என் அன்பு மகனே,

நேற்று பந்தயம் முடிந்தது. அம்மா வீட்டில் தூங்குகிறாள். நலமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மீதியைப் படி.

காலை ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. வண்டிகள் ஒன்றும் சிக்கவில்லை. ஏரிக்கரையில் முந்நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அம்மா பத்து மணிக்கு முன்பே கரைமேல் வந்தாள், நம்பர் அறுபத்தொன்று. நான் கையை ஆட்டினேன். நிற்காமலே, கடய யாரு பாத்துக்கறாங்கோ என்று கேட்டுக்கொண்டு போனாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நல்லா ஓடு என்று சொல்ல நினைத்திருந்தேன், கடை மூடியிருக்கு என்றுதான் வாயில் வந்தது.

குண்டலபள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்தாளாம். அதன்பிறகு செய்தி இல்லை. அங்கே போன் எடுக்காது, கமிட்டியின் வாக்கி டாக்கி மட்டும்தான். முடிகிற இடத்தில் பந்தல் கீழே அதை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கணவாய்ச் சாவடிக்கு வருகிற நம்பரை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். பன்னிரண்டரை ஆயிற்று, அறுபத்தொன்று இல்லை. பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு வந்தது. அறுபத்தொன்று உள்ளே, பேசர் தயார்.

உள்ளே என்று சொன்னால் இரண்டு நிமிஷத்தில், சாவடியை விட்டுக் கிளம்பியாயிற்று என்பதற்கு, வெளியே என்று சொல்வார்கள். சொல்லவில்லை. பிறகு மேலே இருந்த டாக்டரின் குரல். அறுபத்தொன்றின் வீட்டுக்காரர் கீழே இருக்கிறாரா என்றார். இருக்கிறேன் என்றேன். நாடித்துடிப்பு கொஞ்சம் அதிகம், உட்கார்ந்ததும் இறங்குகிறது, ஆபத்து என்று சொல்லமாட்டேன், ஆனால் பழைய ஆபரேஷன் விவரம் பாரத்தில் இருப்பதால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கிறேன், நிறுத்தட்டுமா என்றார்.

தரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ காதில் கத்துகிற மாதிரியே இருந்தது எனக்கு. ரத்தம் ஆறு, ரத்தம் ஆறு என்று. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, டிராக்டர் அங்கேயே நிற்கிறது. சபீனா டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். டீச்சர் வாக்கி டாக்கியை வாங்கி, அண்ணா, முகம் சிவந்திருக்கு, பேச்சு தெளிவா இருக்கு, பதினேழாம் வாய்ப்பாடு கேட்டேன், சொல்லிட்டாங்க, எனக்கே ஒரு எடத்துல சந்தேகம் என்றார். டாக்டர் மறுபடி கேட்டார், என்ன சார் சொல்கிறீர்கள் என்று. டீச்சர் கூடப் போகிறார் இல்லையா, அப்படியென்றால் என்னைக் கேட்காதீர்கள், அவளைக் கேளுங்கள் என்றேன்.

அறுபத்தொன்று வெளியே என்று வந்தது. ஒரு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது.

அதற்குப் பிறகு நாலு மணி நேரத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மேலே போக முடியாது, நானே எழுதிய விதி. இரண்டு பேர் என்னிடம் வந்து, சார் நீங்க கமிட்டி ஆளு, உங்களுக்கு என்ன, வண்டி எடுத்துக்கினு போங்க என்றார்கள். கடைசி ஐந்து கிலோமீட்டர் வரை வண்டி போகும் பாதை எனக்குத் தெரியும். போகவில்லை. போயிருந்தால் துண்டும் பிளாஸ்கும் இல்லாமலே அதே வேலையைச் செய்திருப்பேன்.

ஐந்து மணிக்குப் பந்தயம் மூடியது. மேடையில் பரிசு கொடுத்தார்கள், கூட்டம் கலைந்தது, ஷேர் ஆட்டோக்கள் போய்விட்டன. முடிகிற இடத்து அலங்கார வளைவைக் கழற்ற ஆட்கள் ஏணி கொண்டுவந்தார்கள். தரணி கழற்றவிடவில்லை. ஐந்தேகாலுக்குப் புளியந்தோப்புத் திருப்பத்தில் இரண்டு பேர் தெரிந்தார்கள். அம்மா முன்னால், டீச்சர் இரண்டடி பின்னால். டீச்சர் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. தவறிக்கூட அம்மாவைத் தொட்டுவிடக்கூடாதே என்று பாதி தூரம் அப்படியேதான் வந்தாராம்.

பத்தொன்பது நிமிஷம் தாமதம், மெடல் கிடையாது. தரணி கண் கலங்கி, அம்மா நான் ஒன்று தரேன் என்றாள். லேட்டா வந்தா லேட்டுதாம்மா, உன் புஸ்தகத்துல இன்னா எழுதணுமோ எழுதிக்கோ என்று அம்மா சொல்லிவிட்டு நம் கடைத் தார்ப்பாய்மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள். இடது கால் கட்டைவிரல் நகம் போய்விட்டது. டாக்டர் பார்த்துக் கட்டுப் போட்டார். வேறு ஒன்றும் இல்லை. தயிர்சாதம் இரண்டு பொட்டலம் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் கேட்டாள், திலீப்பு போன் பண்ணானா என்று. மெடலைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தடவை பண்ணினான், லைன் சரியாகக் கிடைக்கவில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் இதுதான் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், டயர் விஷயமும் இருக்கிறது. ஆனால் அவள் இதை நம்பிவிட்டாள். பாவம், அங்க ராத்திரி ஷிப்டா இருக்கும் என்றாள்.

ராத்திரி நான் கேட்டேன், கணவாய்க்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது, சொல்லேன் என்று. கொஞ்சம் சொன்னாள். பாறைமேல் ஏறினால் இரண்டு ஜில்லாவும் ஒரே பார்வையில் தெரிகிறதாம், நம் ஊர் ஏரி உள்ளங்கை அளவுதானாம். அங்கே உட்கார்ந்து ஏதோ நினைத்தாளாம். என்ன என்று கேட்டேன். அத திலீப்பு கிட்டதான் சொல்லணும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்குச் சொல்லாமல் உனக்குச் சொல்ல என்ன இருக்கும்?

அவள் எழுந்திருக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். உனக்கு அப்போது ஷிப்ட் முடிந்திருக்கும். ரத்தம் எவ்வளவு என்று முதலில் கேட்காதே, கால் எப்படி என்றும் கேட்காதே. பாறைமேல் என்ன பார்த்தாய் என்று கேள். அவள் சொல்வதை முழுக்கக் கேள், நடுவில் பேசாதே. பிறகு, உனக்கு மனசிருந்தால், எனக்கும் ஒரு வரி எழுது.

மலை உன்னையும் அவளையும் நல்லபடியாக வைக்கட்டும்.

போன் சத்தத்துக்குக் காத்திருக்கும்
நைனா